தீவுக் கலியாணம்

கொங்கு நாட்டுப் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றிலிருந்து இரண்டு இளந்தோழர்கள், அதாவது ஒருவரையொருவர் மணந்து கொள்ள நிச்சயித்திருக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும், கூட்டாகக் கையெழுத்திட்டு நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள். தங்கள் கலியாணத்தை ஊரில் நடத்தாமல், 2018-ஆம் வருஷம் வரையில் ஹாவ்லக் என்று அழைக்கப்பட்டு இப்போது சுயராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்டிருக்கிற அந்தமான் தீவில், கடற்கரை மணலில், இருபது பேரை மாத்திரம் வைத்துக் கொண்டு நடத்த உத்தேசித்திருப்பதாகவும், புரோகிதரில்லை, ஓமமில்லை, ஆயிரம் பேருக்குப் பந்தியில்லை ஆதலால் இது நமது கொள்கைக்கு ஒத்ததுதானே என்றும், ஆகவே நாமே வந்து தலைமை வகித்து நடத்திக் கொடுக்க வேண்டுமென்றும் கேட்டிருக்கிறார்கள். கடிதம் நான்கு பக்கம். முதல் பக்கத்தைப் படித்தபோது நமக்குச் சந்தோஷமாயிருந்தது. மற்ற மூன்று பக்கங்களையும் படித்தபோது, இதற்குத் தனிக்கடிதமாகப் பதில் எழுதுவதைவிட எல்லோரும் அறியும்படியாக இங்கேயே எழுதி விடுவது நலமென்று பட்டது. ஏனென்றால், இதே எண்ணம் கொண்டவர்கள் நமது வாசகர்களில் இன்னும் பலர் இருக்கக்கூடும்.

ஊரை விட்டுத் தூரதேசம் போய்க் கலியாணம் செய்து கொள்ளும் வழக்கம் முதலில் பெரும் பணக்காரர்களிடத்தில் தோன்றியதாகும். உதயப்பூர் அரண்மனை, பாலித் தீவு, தாய்லாந்துக் கடற்கரை என்று ஆரம்பித்து, சினிமா நட்சத்திரங்களும் கோடீசுவரர்களும் செய்ததைச் செல்போன் படங்களில் பார்த்துப் பார்த்து, இப்போது மாதச் சம்பளக்காரர்களும் கடன் வாங்கியாவது செய்யத் துணிந்து விட்டார்கள். 2023 நவம்பரில் பிரதம மந்திரியே வானொலியில் பேசுகையில், வெளிநாடு போய்க் கலியாணம் செய்யாதீர்கள், உள்நாட்டிலேயே செய்யுங்கள் என்று சொல்லும் அளவுக்கு இது வளர்ந்திருக்கிறது. பணம் எந்த நாட்டில் செலவாகிறது என்பதுதான் அங்கே விசாரம். அந்தப் பணம் எதற்காகச் செலவாக வேண்டும் என்பது நமது விசாரம்.

சிறு கலியாணத்தை நாம் ஆட்சேபிக்கிறோம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஐந்து நாள் கலியாணத்தை ஒரு நாளாக்கு, ஒரு நாளை ஒரு மணி நேரமாக்கு, அதையும் விடுமுறை நாளில் வேலை கெடாமல் வைத்துக் கொள் என்று நூறு வருஷமாகக் கத்தி வருகிறவர்கள் நாம்தான். 1928-ல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் புரோகிதரின்றி ஒரு கலியாணம் நடந்தபோது, அது ஒரு தீவில் நடக்கவில்லை. மழையையும் மாட்டையும் நம்பிப் பிழைக்கிற ஜனங்கள் உள்ள வறண்ட சீமையில், ஊரார் எல்லோரும் பார்த்துக் கொண்டிருக்க, ஏசுகிறவர்கள் ஏசிக் கொண்டிருக்க, பகிரங்கமாக நடந்தது. அப்படி நடந்ததனால்தான் அதைப் பார்த்தவர்களில் பத்துப் பேர் தாங்களும் அவ்விதம் செய்யலாமென்று நினைத்தார்கள். யாரும் பார்க்காத இடத்தில் அதே கலியாணம் நடந்திருந்தால், அந்தத் தம்பதிகளுக்கு நன்மை ஏற்பட்டிருக்கலாமே யொழிய, மற்றவர்களுக்கு என்ன பிரயோஜனம் ஏற்பட்டிருக்கும்?

ஆகவே, சுருக்கம் என்பது எதில் என்று முதலில் கேட்க வேண்டும். செலவில் சுருக்கமா, ஆளில் சுருக்கமா? இந்தத் தோழர்கள் ஆளைச் சுருக்கியிருக்கிறார்கள். செலவைச் சுருக்கியதாகத் தெரியவில்லை. சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அதாவது 2024 செப்டம்பர் வரையில் போர்ட் பிளேர் என்று பெயர் பெற்றிருந்த பட்டணத்துக்கு, ஆகாய விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். அங்கிருந்து சுயராஜ் தீவுக்கு மறுபடியும் கப்பல், இரண்டு மணி நேரம் என்று வைத்துக் கொள்ளலாம். இருபது பேருக்குப் போகவரக் கட்டணம், மூன்று நான்கு ராத்திரி தங்கும் விடுதிக் கட்டணம், படம் பிடிக்கிறவருக்கும் அலங்காரம் செய்கிறவருக்கும் அதே கட்டணம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், உள்ளூர் மண்டபத்தில் முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டிருக்கலாம் என்று கணக்குத் தெரிந்த எவரும் சொல்லி விடுவார்கள்.

அந்த இருபது பேரில் யார் யார் என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் பெயர் வாரியாக எழுதியிருக்கிறார்கள். இதை நாம் இரண்டு தடவை படித்தோம். மாப்பிள்ளையுடன் ஆபீசில் வேலை பார்க்கிற ஆறு பேர் இருக்கிறார்கள். பெண்ணோடு கல்லூரியில் படித்த ஐந்து பேர் இருக்கிறார்கள். பெண்ணைப் பத்து வயது வரையில் தன் இடுப்பிலும் தோளிலும் வைத்து வளர்த்த அப்பத்தா இல்லை. அவருக்கு முழங்கால் வலி, கப்பல் ஏற முடியாது என்று காரணம் எழுதியிருக்கிறது. மாப்பிள்ளையின் தகப்பனாரோடு முப்பது வருஷம் ஒரே தறிக் கொட்டகையில் நெய்தவர் இல்லை. நான்கு நாள் தறி நின்றால் அவர் வீட்டில் அடுப்பு நிற்கும். இவர்களை யாரும் வர வேண்டாமென்று சொல்லவில்லை. கடல் சொல்லி விட்டது! வாசலில் ஆளை நிறுத்தி இன்னார் வரலாம், இன்னார் வரக்கூடாது என்று சொன்னால் அது அக்கிரமமென்று நாமே கொடி பிடிப்போம். அதையே ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தண்ணீரைக் கொண்டு செய்தால் நாகரிகம் என்பதா?

வரக்கூடியவர்களின் நிலைமைதான் என்ன? விருந்தினர் தம் தம் கட்டணத்தைத் தாமே போட்டுக் கொள்ள வேண்டுமானால், அது மொய்யைவிடப் பெரிய வரியாகும். வர முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, கைமாற்று வாங்கி வந்து நிற்பவர்கள் உண்டு. இந்தக் கலியாணத்தில் அப்படியில்லை. எல்லாச் செலவையும் பெண்ணின் தகப்பனார் ஏற்றுக் கொண்டிருக்கிறாராம். “நகை, சீர் ஒன்றும் வாங்கவில்லை, அதற்குப் பதிலாகத்தான்” என்று மாப்பிள்ளைத் தோழர் பெருமையாக எழுதியிருக்கிறார். தோழரே! 1961-ல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்த பிறகு வரதட்சணை என்பது எத்தனை வேஷம் போட்டிருக்கிறது என்பது தெரியாதவரா நீர்? கார் வேஷம், வீட்டு மனை வேஷம், டாக்டர் படிப்பு வேஷம் எல்லாம் பார்த்தாகி விட்டது. இப்போது விமானச் சீட்டு வேஷம். பெண்ணைப் பெற்ற குற்றத்துக்காக ஒரு மனிதர் கடனாளியாக வேண்டும் என்கிற பழைய ஏற்பாடு அப்படியே இருக்க, அந்தப் பணத்தைத் தங்கமாகக் கொடுத்தால் என்ன, அலையாகவும் மணலாகவும் கொடுத்தால் என்ன? தங்கமாவது பெண்ணின் பெட்டியில் இருக்கும்.

நிற்க. மூன்றாம் பக்கத்தில் ஒரு சின்ன விஷயம் எழுதியிருக்கிறது. மாப்பிள்ளையின் தாயார் நாள் பார்க்க வேண்டுமென்று ஆசைப்படுகிறாராம். அதில் ஒன்றும் நஷ்டமில்லையே என்று இவர்களும் சம்மதித்து, டிசம்பர் முதல் வாரத்து ஞாயிற்றுக்கிழமை மாலையில், ராகு காலம் 4.30 முதல் 6 மணி வரை ஆதலால் அதற்கு முன்னதாக, 3.45 மணிக்கு மாலை மாற்றிக் கொள்வதாக ஏற்பாடாம்.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் தங்கிப் பேச வேண்டியிருக்கிறது. ராகு காலம் என்பது என்ன? சூரியன் உதிப்பது முதல் மறைவது வரை உள்ள பகற்பொழுதை எட்டுப் பங்கு போட்டு, கிழமைக்கு ஒரு பங்கை ராகுவுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குக் கடைசிப் பங்கு. காலை 6-க்கு உதயம், மாலை 6-க்கு அஸ்தமனம் என்று வைத்துக் கொண்டால் கடைசிப் பங்கு 4.30 முதல் 6 வரை வரும். இதைத்தான் நாட்காலண்டரில் அச்சடித்து ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தமான் சென்னைக்குக் கிழக்கே ஏறக்குறைய பன்னிரண்டரை பாகை தள்ளியிருக்கிறது. இந்தியா முழுவதற்கும் கடிகாரம் ஒன்றே. சூரியன் கடிகாரத்தைப் பார்த்து நடப்பதில்லை. ஆகவே அங்கே சூரியன் நம்மூரைவிட முக்கால் மணிக்கும் அதிகமாக முந்தி எழுந்து முந்தி விழுகிறது. டிசம்பர் முதல் வாரத்தில் அந்தத் தீவில் மாலை 5 மணி அடிக்கு முன்பே சூரியன் கடலில் இறங்கி விடும். ஜோசியர்களின் கணக்குப்படியே எட்டுப் பங்கு போட்டுப் பார்த்தால், அங்கே ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் சுமார் மூன்றரை மணிக்கு ஆரம்பித்து ஐந்து மணிக்குள் முடிந்து போகிறது!

அதாவது, ராகுவுக்குப் பயந்து 3.45 என்று நேரம் குறித்த இந்தத் தம்பதிகள், சரியாக ராகுவின் மடியிலேயே போய் உட்கார ஏற்பாடு செய்திருக்கிறார்கள். காலண்டர் ராகு ஊரில் ஆணியில் தொங்குகிறார். கணக்கு ராகு முன்கூட்டியே தீவுக்குப் போய்க் காத்திருக்கிறார். இருவரில் எவர் நிஜமானவர் என்பதை மாப்பிள்ளையின் தாயார் தமது ஜோசியரிடம் கேட்டுச் சொல்லட்டும். நஷ்டமில்லையே என்று கேட்கிறார்கள். நஷ்டம் உண்டு. தன் கலியாணத்துக்கு எந்த மணி சௌகரியம் என்பதைத் தன் புத்தியைக் கொண்டு தீர்மானிக்க முடியாதவர், நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எந்தக் கிழமை டாக்டரிடம் போகலாமென்று காலண்டரைப் பார்ப்பார் என்பதுதான் அந்த நஷ்டம்.

மாதக் கணக்கும் இதே கதைதான். நம்மவர்கள் கலியாணத்துக்கு ஆசைப்படுகிற வைகாசி ஆரம்பித்துச் சில நாட்களுக்குள்ளாகவே தென்மேற்குப் பருவக்காற்று இந்தியாவில் முதன் முதலாக அந்தமானைத்தான் வந்து பிடிக்கிறது. ஆவணியிலும் அங்கே மழையும் கொந்தளிப்பும்தான். மழை ஓய்ந்து கடல் தெளிந்திருக்கிற காலத்தில் மார்கழி வருகிறது. மார்கழியிலோ கலியாணம் கூடாதாம்! வானம் “வா” என்கிற மாதத்தில் பஞ்சாங்கம் “போகாதே” என்கிறது. பஞ்சாங்கம் “போ” என்கிற மாதத்தில் துறைமுக அதிகாரி கப்பல் கிடையாதென்று சீட்டை ஒட்டி விடுகிறார்.

புரோகிதர் இல்லை என்று முதல் பக்கத்தில் எழுதியவர்கள், விடுதிக்காரர்களே “தீவு முறைப்படி ஆசீர்வாதம்” செய்ய ஓர் ஆளை அனுப்புவார்கள் என்றும், அது பார்ப்பதற்கு அழகாயிருக்குமென்றும் அதே மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். புரோகிதர் என்பவர் குடுமி வைத்தவராகத்தான் இருக்க வேண்டுமென்று யார் சொன்னது? தனக்குப் புரியாத ஒன்றை, தனக்குப் புரியாத பாஷையில், கூலிக்கு ஓதுகிறவர் எவரோ அவர் புரோகிதர்தான். இந்தச் சந்தர்ப்பத்தில் மாலைத் தீவில் 2010-ஆம் வருஷம் நடந்த ஒரு சம்பவத்தை நமது தோழர்கள் அவசியம் அறிந்து கொள்ள வேண்டும்.

சுவிட்சர்லாந்து தேசத்துத் தம்பதிகள் இருவர் அங்கே ஒரு கடற்கரை விடுதிக்குப் போய், தங்கள் மண வாக்குறுதியைப் புதுப்பித்துக் கொள்ளும் சடங்குக்குப் பணம் கட்டினார்கள். பூவலங்காரமெல்லாம் செய்து, விடுதிச் சிப்பந்தி ஒருவர் முன்னால் நின்று, அந்நாட்டுத் திவேகி பாஷையில், ராகத்தோடு ஏதோ ஓதினார். தம்பதிகள் பக்தி சிரத்தையோடு தலை குனிந்து கேட்டுக் கொண்டிருந்தார்கள். அவர் ஓதியது என்ன தெரியுமா? உங்கள் கலியாணம் கலியாணமே அல்ல, நீங்கள் பன்றிகள், அவிசுவாசிகள் என்று ஆரம்பித்து, நாம் இங்கே அச்சிடக் கூடாத வசவுகள் வரையில் போனார்! ஒருவர் அதைப் படம் பிடித்து இணையத்தில் போட, பாஷை தெரிந்தவர்கள் பார்த்து அலற, விஷயம் உலகமெங்கும் பரவி, கடைசியில் அந்நாட்டு அரசாங்கமே அத்தம்பதிகளிடம் மன்னிப்புக் கேட்டுக் கொள்ள நேர்ந்தது.

வைதவர் மீது நமக்கும் கோபந்தான். ஆனால் அவரால் அப்படி வைய முடிந்ததற்குக் காரணம் என்னவென்று யோசிக்க வேண்டாமா? கேட்கிறவருக்கு அர்த்தம் தெரியாது என்கிற தைரியம் ஒன்றுதான் காரணம். அந்தத் தைரியம் நம் நாட்டில் எத்தனை நூறு வருஷமாக எத்தனை பேருக்கு இருந்து வந்திருக்கிறது! அந்தச் சுவிஸ் தம்பதிகளுக்காவது படம் பிடித்து மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் கிடைத்தது.

இப்போது சட்ட விஷயத்துக்கு வருவோம். அலங்காரத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதிய தோழர்கள் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பதுதான் நமக்கு எல்லாவற்றிலும் அதிக விசனத்தைத் தருவதாகும்.

புரோகிதரின்றி நடந்த கலியாணம் செல்லாது என்று 1953-ல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் செய்தது. சாஸ்திரச் சடங்கும் நடக்கவில்லை, நெடுநாளாய் நிலைத்த வழக்கமும் அல்ல என்பது அதற்குக் காரணம். அந்தத் தீர்ப்பினால், அதுவரை அம்முறையில் மணந்திருந்த எத்தனையோ குடும்பங்களில் பெண்களுக்கு மனைவி என்ற ஸ்தானமே சந்தேகத்துக்கிடமாயிற்று. அண்ணா முதலமைச்சராயிருந்தபோது, 1967-ல் இந்துக் கலியாணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, 1968 ஜனவரியில் அது அமலுக்கு வந்த பிறகுதான், முன்னே நடந்த அவ்விதக் கலியாணங்களுக்கும் பின்னே நடப்பவைகளுக்கும் சேர்த்து அந்தச் சந்தேகம் தீர்ந்தது. அந்தப் பிரிவு வேண்டுவது என்ன? உறவினரோ சிநேகிதரோ வேறு ஆட்களோ முன்னிலையில், மணமக்கள் தங்களுக்குப் புரிகிற ஒரு பாஷையில் ஒருவரையொருவர் ஏற்றுக் கொள்வதாகச் சொன்னால் போதும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக் கொண்டாலும், தாலி கட்டினாலும் போதும். “புரிகிற பாஷை” என்பதைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதை மாலைத் தீவுக் கதையோடு சேர்த்து நினைவில் வைத்துக் கொள்ளவும்.

ஆனால் இந்தப் பிரிவு தமிழ்நாட்டுச் சட்டசபை செய்த திருத்தம். அது செல்வது தமிழ்நாட்டு எல்லைக்குள்தான். அந்தமானோ மத்திய சர்க்காரின் நேர் நிர்வாகத்திலுள்ள தனிப் பிரதேசம். சுயராஜ் தீவின் மணலில் இந்தத் தோழர்கள் நம்மைத் தலைவராக வைத்துக் கொண்டு மாலை மாற்றிக் கொண்டால், படம் நன்றாய் வரும். பிரிவு 7-ஏ வராது. நாளைக்கு யாராவது சொத்துத் தகராறிலோ ஜீவனாம்ச வழக்கிலோ “சடங்கு எங்கே, சப்தபதி எங்கே?” என்று கேட்டால், 1953-ல் நின்ற இடத்திலேயே மறுபடி போய் நிற்க வேண்டியதாகும். அப்படி நிற்பவர் பெரும்பாலும் பெண்ணாகத்தான் இருப்பார்.

அங்கேயே பதிவுக் கலியாணம் செய்து கொள்ளலாமே என்றால், 1954-ஆம் வருஷத்து ஸ்பெஷல் கலியாணச் சட்டப்படி, இருவரில் ஒருவராவது எந்த ஜில்லாவில் முப்பது நாள் குடியிருந்தார்களோ அந்த ஜில்லா அதிகாரியிடந்தான் அறிக்கை கொடுக்க முடியும். அறிக்கை கொடுத்து முப்பது நாள் காத்திருக்கவும் வேண்டும். நான்கு நாள் விடுதியில் தங்குகிறவர்களுக்கு அது நடவாத காரியம். வெளிநாட்டுத் தீவுகளுக்குப் போகிறவர்கள் நினைத்துக் கொண்டிருக்கிற 1969-ஆம் வருஷத்து வெளிநாட்டுக் கலியாணச் சட்டத்திலும் இதே முப்பது நாள் குடியிருப்பு நிபந்தனை உண்டு. விடுதிக்காரர்கள் பட்டு நாடா கட்டிக் கொடுக்கிற பத்திரம், சுவரில் மாட்ட உதவும்.

ஆகவே, கலியாணத்தை இங்கே செய்து கொள்ளுங்கள். உங்களுக்கு முப்பது நாள் காத்திருப்பில்லை, அதிகாரி அறிக்கை ஒட்டுவதில்லை; ஒரு வீட்டுத் திண்ணையிலோ படிப்பகத்திலோ அரை மணி நேரத்தில் முடித்து, தமிழ்நாட்டுக் கலியாணப் பதிவுச் சட்டத்தின்படி தொண்ணூறு நாளைக்குள் பதிவு செய்து, அத்தாட்சியைக் கையில் வாங்கிக் கொள்ளுங்கள். இருவரில் ஒருவர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்தால் 7-ஏ பொருந்தாது. ஸ்பெஷல் சட்டப்படிதான் போக வேண்டும். உங்கள் விஷயத்தில் அப்படி இல்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது.

இனி நான்காம் பக்கம். நான்காம் பக்கத்தின் அடியில், பெண்ணின் கையெழுத்தில் ஐந்து வரி எழுதியிருக்கிறது. தாங்கள் இருவரும் வெவ்வேறு ஜாதி என்றும், பெற்றோர்கள் இரு தரப்பிலும் சம்மதித்து விட்டார்கள் என்றும், ஆனால் தன் பெரியப்பாவும் அவருடைய மக்களும் மண்டபத்துக்கே வந்து கலகம் செய்வதாகப் பேசிக் கொண்டிருக்கிறார்கள் என்றும், தீவு என்றால் யாரும் துரத்திக் கொண்டு வர முடியாது என்றுதான் முதன் முதலில் இந்த யோசனை தோன்றியது என்றும் அந்தத் தோழர் எழுதியிருக்கிறார். “இதை முதல் பக்கத்தில் எழுத எனக்கு வெட்கமாயிருந்தது” என்றும் எழுதியிருக்கிறார்.

அம்மா! நீர் வெட்கப்பட வேண்டியதில்லை. வெட்கப்பட வேண்டியவர் உமது பெரியப்பா. மற்ற மூன்று பக்கங்களுக்கும் நாம் சொன்ன கேலியெல்லாம் இந்த ஐந்து வரிக்குச் செல்லாது. உயிருக்கும் மானத்துக்கும் பயந்து கடல் தாண்டிப் போகிறவரைப் பார்த்து டம்பாசாரி என்று சொல்ல நமக்கு மனம் வராது. ஜாதி விட்டு மணந்தார்கள் என்பதற்காகப் பெற்ற பிள்ளையையே வெட்டுகிற தேசத்தில் நாம் இருக்கிறோம் என்பதை மறந்து, ஊர் நடுவில் நின்று வீரம் காட்டு என்று உபதேசம் செய்வது வெகு சுலபம். உபதேசம் செய்கிறவனுக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை.

ஆனால் தீவு உமக்கு எத்தனை நாள் பாதுகாப்பு? நான்கு நாள். ஐந்தாம் நாள் ஊருக்குத்தானே திரும்ப வேண்டும்? அப்போது கையில் அத்தாட்சி இல்லையென்றால், நீர் அந்த வீட்டில் என்ன உரிமையில் இருக்கிறீர் என்று போலீசு ஸ்டேஷனிலேயே கேட்பார்கள். ஆகையால் அத்தாட்சி முதலில், அலை பிற்பாடு. பகிரங்கமாகச் செய்ய அச்சமாயிருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. சுயமரியாதைக் கலியாணத்துக்குப் பகிரங்க அறிவிப்பு அவசியமில்லை என்றும், குடும்பத்தாரின் எதிர்ப்புக்கு ஆளாகிற மணமக்களைப் பகிரங்கத்துக்கு இழுப்பது அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும், வக்கீல்கள் சிநேகிதர் என்ற முறையில் நடத்தி வைக்கலாம் என்றும் 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. முன்பு சென்னை உயர்நீதிமன்றம் இதற்கு மாறாகச் சொல்லியிருந்ததை அது தள்ளி விட்டது. நான்கு பேர் சாட்சியாக இருந்தாலும் போதும். அந்த நான்கு பேரில் அப்பத்தா ஒருவராயிருக்கட்டும். அவர் கப்பல் ஏற வேண்டியதில்லை, திண்ணை ஏறினால் போதும். உமது பெற்றோர் இருவரும் சம்மதித்திருக்கையில், பெரியப்பாவின் பேச்சை எழுத்து மூலமாகப் போலீசு சூப்பரிண்டெண்டிடம் முன்கூட்டியே தெரிவித்து, மனு பெற்றுக் கொண்டதற்கு ரசீது வாங்கி வைப்பதும் அவசியம். உள்ளூர்த் தோழர்கள் இருபது பேருக்குக் குறையாமல் அன்றைக்கு உம்மோடு இருப்பார்கள். அதற்கு நாம் ஜவாப்தாரி.

இவ்வளவும் ஆன பிறகு, உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தில், இரண்டு பேராகவோ ஐந்தாறு பேராகவோ தீவுக்குப் போய் நான்கு நாள் சந்தோஷமாக இருந்து விட்டு வாருங்கள். கடலைப் பார்ப்பதும் மணலில் நடப்பதும் பகுத்தறிவுக்கு விரோதமல்ல. அப்படிப் போவதானால், விசாரித்து அறிந்ததில் சில சங்கதிகளைச் சொல்லி வைக்கிறோம். மே முதல் நவம்பர் வரை நம்ப வேண்டாம். டிசம்பர் கடைசியில் விடுதிக்காரர்கள் வைத்ததே விலை. ஆகையால் பொங்கல் கழித்துப் போவது உசிதம். காற்று எழும்பினால் தீவுக் கப்பல்கள் நின்று விடும். திரும்பும் விமானத்துக்கு முதல் நாளே ஸ்ரீ விஜயபுரத்துக்கு வந்து விட வேண்டும். அன்று காலையில் கப்பலேறி மாலை விமானத்தைப் பிடிப்பேன் என்பவர்கள் துறைமுகத்தில் உட்கார்ந்து அழுவதுண்டு. ராதாநகர்க் கடற்கரை மேற்குப் பார்த்தது. சூரியன் கடலில் மறைவதை அங்கே நன்றாகப் பார்க்கலாம். ஆனால் நம்மூர் நினைப்பில் ஆறு மணிக்குப் போனால் இருட்டைத்தான் பார்க்க நேரிடும். அது பொதுக் கடற்கரை. நிர்வாகத்தின் அனுமதியின்றி அங்கே பந்தலோ மேடையோ போடக் கூடாது. போடாமலிருப்பதே மேல். மல்லிகைப் பூவும் மற்றச் சாமான்களும் அநேகமாக இங்கிருந்துதான் அங்கே போக வேண்டும். கோடையில் குடிதண்ணீருக்கே அவர்களுக்குக் கஷ்டம். பவழப் பூச்சியின் கூட்டை ஞாபகத்துக்கென்று ஒரு துண்டுகூடப் பொறுக்கி வர வேண்டாம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம், விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். அங்கே தமிழர்கள் பலர் குடியேறிக் கடை வைத்தும் கூலி வேலை செய்தும் வாழ்கிறார்கள். நட்சத்திர விடுதியைவிட அவர்கள் கடைச் சோறு மலிவு.

நம்மைத் தலைமை வகிக்க அழைத்த விஷயம் பாக்கியிருக்கிறது. தீவுக்கு நாம் வருவதற்கில்லை. உங்கள் மாமனார் கடனில் விமானம் ஏற நமக்கு இஷ்டமுமில்லை. அப்பத்தா வீட்டுத் திண்ணையில் என்றைக்கு என்று ஒரு கார்டு போட்டால், இரண்டு நாள் முன்னதாகத் தெரிந்தால் போதும், ராகு காலமாகப் பார்த்து வைத்துக் கொள்ளுங்கள்; அந்த நேரத்தில்தான் பஸ்ஸில் கூட்டமிருக்காது.